கொக்கி தொங்கும் வீடுகள்: ஓர் ஆம்ஸ்டர்டாம் நாட்குறிப்பு

வெள்ளி

ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே நிற்கிறார்கள். அந்த இடம் ஒரு காலத்தில் பெரிய ஏரி. நீராவி எந்திரங்களால் இறைத்து 1852-ல் வற்றவைத்தார்கள். இதைச் சொன்னவர் கட்டடப் பொறியாளர். திருச்சியில் ஒரே பள்ளியில் படித்து, இப்போது லண்டன், பாரிஸ், மியூனிக் என்று சிதறிக் கிடக்கும் நால்வரில் அவருக்கு எப்போதும் காலடித் தரையைப் பற்றியே கவலை.

"முதல்ல காபிடா, ஏரியை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கணக்காளர்.

ரயிலில் கால் மணி நேரம். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் நிலையம் 1889-ல் திறக்கப்பட்டது. துறைமுக நீரில் செயற்கைத் தீவுகளை உண்டாக்கி, 8,687 மரத் தூண்களை அடித்து இறக்கி, அதன்மேல் எழுப்பிய கட்டடம். ஊர் முழுக்க இதே கதைதான். மேலே சதுப்புச் சேறும் களிமண்ணும். சுமார் 12 மீட்டர் இறங்கினால்தான் பாரம் தாங்கும் மணல். பழைய வீடுகளின் கால்கள் அதுவரை போகின்றன. டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 தூண்கள்.

"இத்தனை வருஷமா தண்ணியில கிடந்தா மரம் அழுகாதா?" என்று ஆசிரியை கேட்டார். முழுக்க மூழ்கியிருக்கும்வரை அழுகாது, காற்றுப் பட்டால்தான் பூஞ்சை பிடிக்கும் என்றார் பொறியாளர். நிலத்தடி நீர் இறங்கினால் தூண்களின் தலை வெளியே தெரியும். அங்கிருந்து அரிப்பு தொடங்கும். வெள்ளத்துக்கு அஞ்சும் இந்த ஊர் வறட்சிக்கும் அஞ்சவேண்டியிருக்கிறது.

விடுதியில் ரசீதைக் கூர்ந்து படித்தவர் கணக்காளர் ஒருவர்தான். அறை வாடகைமேல் 12.5 விழுக்காடு சுற்றுலா வரி, 2024 முதல். கூட்டம் தாங்காத ஊர் இது. சுற்றுலாப் பயணிகள் ஏறி நின்று படமெடுத்த ராட்சத எழுத்துப் பலகையை நகரசபை 2018-லேயே அருங்காட்சியகச் சதுக்கத்திலிருந்து எடுத்துவிட்டது.

சனி

காலை முழுவதும் ஹேரன்கிராக்ட், கைசர்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற மூன்று பெருங்கால்வாய்களின் கரையில் நடை. 1613-ல் வெட்டத் தொடங்கிய இந்தக் கால்வாய் வளையம் 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படகுச் சவாரியில் ஒலிக்கும் வர்ணனை இதன் அழகைப் பற்றியே பேசுகிறது. அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கரைகளில் எழுந்த வீடுகளில் பலவற்றின் மேல்தளம் கிடங்கு. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஊர் வேறு முகம் காட்டுகிறது.

ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் இரும்புக் கொக்கி. படகில் வந்த மூட்டை, கப்பியில் ஏறி, பரணுக்குப் போய்விடும். மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் இன்றும் சோபா, கட்டில் எல்லாம் ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போகின்றன.

"வீடெல்லாம் முன்னால சாஞ்சு நிக்குதே, விழுந்திடாதா?" மென்பொருள்காரர் சற்று விலகியே நின்றார். தூண் இறங்கியதால் சாய்ந்த வீடுகளும் உண்டு. வேண்டுமென்றே முன்பக்கம் சாய்த்துக் கட்டியவைதான் பல. மூட்டை ஏறும்போது சுவரில் உரசக் கூடாது, மழைநீர் முகப்பில் வழியக் கூடாது என்பதற்காக. அண்ணாந்து பார்த்தபடி அவர் பின்னால் நகர்ந்து நின்றது சைக்கிள் பாதையில். மணி அடித்தபடி ஒரு பாட்டி உரசிக்கொண்டு போனார், வேகம் குறையவே இல்லை.

சைக்கிள்களின் கடைசிப் புகலிடமும் கால்வாய்தான். ஆண்டுக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள்களை நகராட்சிப் படகுகள் இரும்பு நகங்களால் தூர் வாரி எடுக்கின்றன. மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், மிச்சம்தான் தண்ணீர் என்பது உள்ளூர்க் கேலி.

மதியம் ஆல்பர்ட் கைப் சந்தை. 1905 முதல் நடக்கிறது, ஞாயிறு விடுமுறை. கணக்காளர் வெங்காயம் தூவிய பச்சை ஹெர்ரிங் மீனைத் துணிந்து வாங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். மற்றவர்களுக்கு சுரினாம் ரொட்டி கிடைத்தது. 1873-ல் லல்லா ரூக் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டச்சுக் காலனியான சுரினாமுக்குக் கொண்டுபோனது. பெரும்பாலும் போஜ்புரி பேசும் பகுதிகளின் மக்கள். 1975-ல் சுரினாம் விடுதலை பெற்ற காலத்தில் அவர்களின் வாரிசுகள் பலர் நெதர்லாந்துக்கு வந்தார்கள், ரொட்டியோடு.

ஞாயிறு

பிரின்சன்கிராக்ட் 263. நாஜிகளுக்கு அஞ்சி யூதச் சிறுமி ஆன் பிராங்க் ஒளிந்திருந்த வீடு. இங்கே அவர் காதலையும் கோபத்தையும் எழுதிய நாட்குறிப்பு எல்லோருக்கும் தெரியும். வீட்டின் அமைப்பை யாரும் அதிகம் சொல்வதில்லை. 1635-ல் கட்டிய வணிகர் வீடு. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், பின்னால் தனியாக ஒரு கட்டு. முன்கட்டில் ஆனின் தந்தை ஓட்டோ பிராங்கின் அலுவலகமும் கிடங்கும். ஜாம் செய்ய உதவும் பெக்டின், மசாலாப் பொருள்கள் அவருடைய வியாபாரம். தெருவிலிருந்து பார்த்தால் பின்கட்டு இருப்பதே தெரியாது. நகரும் புத்தக அலமாரிக்குப் பின்னால் எட்டுப் பேர், 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை. கீழே கிடங்குத் தொழிலாளர்கள் வேலை செய்யும் பகல் நேரத்தில் காலடிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டுமே.

அறைகளில் தட்டுமுட்டுச் சாமான்கள் இல்லை. காலியாகவே வைத்திருக்க வேண்டும் என்பது ஓட்டோவின் விருப்பம். வெளியே வந்தபின் நெடுநேரம் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

பிற்பகல் ரெய்க்ஸ் அருங்காட்சியகம். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்துக்கு முன்னால் கைப்பேசிகளின் காடு. 1642-ல் வரைந்த அந்த ஓவியத்தை 1715-ல் நகரமன்றச் சுவருக்குப் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள். அந்த நகரமன்றம்தான் பிறகு டாம் சதுக்கத்து அரண்மனையானது.

கூட்டம் இல்லாத இடம் ஆசியக் கூடம். தண்ணீர் சூழ நிற்கும் அந்தச் சிறிய கட்டடத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், சோழர் காலத்து நடராசர். 12-ம் நூற்றாண்டு என்கிறது குறிப்பு. சிலை உள்ளே பொள்ளலா, முழு வார்ப்பா என்று அறிய, ரோட்டர்டாம் துறைமுகச் சுங்கத்தில் கப்பல் கன்டெய்னர்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவிக்குள் இவரை அனுப்பினார்கள். திருவாசி உட்பட முழுக்கக் கெட்டி வார்ப்பு என்று தெரிந்தது. சுவாமிமலை ஸ்தபதியைக் கேட்டிருந்தால் கருவி இல்லாமலே சொல்லியிருப்பார். ஆசிரியை கைகூப்பினார், காவலர் புன்னகைத்தார். கண்ணாடிக்கும் காவலுக்கும் நடுவே அபிஷேகமில்லாமல் நிற்கும் உற்சவர் என்பதை மட்டும் நால்வராலும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திங்கள்

காலையில் பொறியாளரின் விருப்பம் நிறைவேறியது. இப்போதைய நகரமன்றக் கட்டடத்தில் மூன்று கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர். இரண்டு, வடகடலின் இப்போதைய மட்டத்தைக் காட்டுகின்றன. மூன்றாவது தலைக்குமேலே எழுகிறது: 4.55 மீட்டர், 1953 பிப்ரவரி வெள்ளம் தொட்ட உயரம். அந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள்.

அருகில்தான் கிரிம்பர்க்வல் கால்வாய். 2020 செப்டம்பரில் இதன் கரைச்சுவர் ஓரிடத்தில் சரிந்து கால்வாய்க்குள் விழுந்தது. குதிரை வண்டிக்குக் கட்டிய கரைமேல் லாரிகள் ஓடுகின்றன. அடியில் இருப்பதோ பழைய மரத் தூண்கள். நகரசபை இப்போது கிலோமீட்டர் கணக்கில் கரைகளைப் பரிசோதித்துச் சீர்செய்கிறது. பல இடங்களில் வேலி, இரும்புத் தாங்கல்.

கடைசியாக, குளோஃபெனியர்ஸ்பர்க்வல் கால்வாய்க் கரையில் செங்கல் முற்றம் ஒன்று. இப்போது பல்கலைக்கழகம், அப்போது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகம். 1602-ல் பிறந்த அந்தக் கம்பெனிதான் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது, 1658-ல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. சோழமண்டலத் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, மிளகும் கிராம்பும் ஏற்றினார்கள். துணி மட்டும் போகவில்லை. பழவேற்காட்டிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டார்கள். அடிமை வணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக மேயர் ஃபெம்கே ஹால்செமா 2021 ஜூலை 1 அன்று மன்னிப்புக் கேட்டார்.

"அப்ப அந்தக் கொக்கியில தொங்கின மூட்டையில நம்ம ஊர்க் கணக்கும் இருந்திருக்கு" என்றார் கணக்காளர்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆன் பிராங்க் வீட்டுக்கு நுழைவுச்சீட்டு இணையத்தில் மட்டுமே. செவ்வாய்தோறும், ஆறு வாரம் முன்கூட்டியே விடுகிறார்கள், விரைவில் தீர்ந்துவிடும். அதற்கு முன் ஒரு நாள் பழவேற்காட்டுக்குப் போய்வாருங்கள். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அங்கே வரிசையும் கிடையாது, 12.5 விழுக்காடும் கிடையாது.