சோக்கும் செருக்கும்

துப்பாக்கிக் குழலின் வாயை ஒரு மில்லிமீட்டர் நெருக்குவதா, அரை மில்லிமீட்டர் நெருக்குவதா என்ற விவகாரம் ஒரு குடும்பத்தில் கலகத்தை உண்டாக்கும் என்று யாரேனும் முன்பு சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம். ஆனால் சென்ற தை மாதத்தில், அரியாங்குப்பத்தில் நமது வீட்டிலேயே அது நடந்துவிட்டது.

நமது குமாரி கல்லூரியில் படிக்கிறாள். 2023-ம் ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இந்திய 'டிராப்' அணி தங்கப் பதக்கம் வென்றது. அந்த மூவரில் ஒருவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் என்று கேட்ட நாள் முதல், தானும் பறக்கும் தட்டுகளைச் சுட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். 'களிமண் புறா' என்று அந்தத் தட்டுக்குப் பெயர். இக்காலத்தில் அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்த்த, 11 சென்டிமீட்டர் அகலமும் சுமார் 105 கிராம் எடையும் உள்ள வெறும் வில்லை. ஆகவே ஜீவஹிம்சை இல்லை என்று நாமும் சம்மதித்தோம்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நமது பாட்டனார் கழிமுகத்தில் வாத்து சுட்டவர். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் இடது குழல் 'முழுச் சோக்' என்பது குடும்பப் பெருமைகளில் ஒன்று. இன்று வாத்து வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்தத் துப்பாக்கியும் வீட்டை விட்டுப் போய்விட்டது. பெருமை மட்டும் போகவில்லை.

சோக் என்றால் 'சோக்காக உடுத்தினான்' என்கிறோமே, அந்தச் சோக்கு அல்ல. பன்னிரண்டு போர் துப்பாக்கியின் குழல் சுமார் 18.5 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. அதன் வாய் ஓரத்தில் செய்யப்படும் நெருக்கமே சோக். ஒரு மில்லிமீட்டர் குறுக்கினால் முழுச் சோக். அதில் பாதி அரைச் சோக். கால் பங்கு கால் சோக். தோட்டாவிலிருந்து புறப்படும் ஈய ரவைகள் எவ்வளவு தூரம் கூட்டமாகச் செல்லும் என்பதை இந்த நெருக்கமே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் வரைந்தால், முழுச் சோக்கில் நூற்றுக்கு 70 ரவைகளும், அரைச் சோக்கில் 60-ம், நெருக்கமே இல்லாத குழலில் 40-ம் அதற்குள் விழும் என்பது பழைய கணக்கு.

பயிற்சி மைதானத்தில் சங்கத்தின் துப்பாக்கிக்குத் திருகி மாற்றக்கூடிய சோக்குகள் இருந்தன. பயிற்சியாளர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நாம் முந்திக்கொண்டு, "முழுச் சோக்கையே போடுங்கள்!" என்றோம். விளைவு, 25 தட்டுகளில் ஆறு உடைந்தன. அடுத்த வாரம் ஐந்து. மூன்றாம் வாரம் வீடு திரும்பும் வழியில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது குமாரி மெல்லச் சொன்னாள்: "எனக்குக் கண்ணு சரியில்லை போல இருக்குப்பா. விட்டுடலாம்."

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. மறு வாரம் பயிற்சியாளரிடம் போய், முன்பு அவர் சொல்ல வந்ததைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, குமாரி சுடும் தருணத்தில் தட்டு எங்கே இருக்கிறது என்று அளந்து காட்டினார். ஏறக்குறைய 25 மீட்டர். அந்தத் தூரத்தில் மூன்று பெரிய காகிதங்களை நிறுத்தி, முழு, அரை, கால் என்று சோக்குக்கு ஒன்றாகச் சுட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்த பிறகே சோக்கை மாற்றினார். அது இறுகத் திருகப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தார். தளர்ந்த சோக்குடன் சுட்டால் குழலே கெட்டுவிடும்.

காகிதங்களை வீட்டுத் திண்ணையில் விரித்தோம். தட்டின் பக்கவாட்டுத் தோற்றத்தின் அளவுக்கு, அதாவது 11 சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை சென்டிமீட்டர் உயரமுமாக, ஓர் அட்டையை வெட்டிக் காகிதத்தின் மேல் நகர்த்திப் பார்த்தோம். முழுச் சோக்கில் நடுவே அட்டைக்குள் ஏழெட்டுத் துளைகள். ஆனால் நடுவிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி வைத்தால் ஒன்றுகூட இல்லை. கால் சோக்கில் துளைகள் அகலமாகப் பரவியிருந்தன. இடையிடையே அட்டை வெற்றிடத்தில் விழுந்தது. அரைச் சோக்கிலோ அட்டையை எங்கே வைத்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று துளைகள் அகப்பட்டன.

பாகூர் உழவர் குடும்பத்தில் பிறந்த நமது தாயார் எட்டிப் பார்த்து, "விதை தெளிக்கிற மாதிரிதானே? கையை இறுக்கினா ஒரே இடத்துல குவியும், ரொம்ப விட்டா சொட்டை விழும்" என்றார். அறுபது வருஷ அனுபவம்! நமது பாட்டனாரின் துப்பாக்கிப் பெருமை அந்த இடத்திலேயே அஸ்தமித்தது.

முழுச் சோக்கை நாம் நிந்திக்கவில்லை. ஒலிம்பிக் டிராப் போட்டியில் தட்டு 76 மீட்டர் செல்லும் வேகத்தில் சுடுகிறவரை விட்டு விலகிப் பறக்கிறது. தோட்டாவில் 24 கிராம் ஈயத்துக்கு மேல் அனுமதி இல்லை. தட்டு எட்டிப் போனபின் சுடும் தேர்ந்த கைக்கு இறுக்கமான சோக்கே உதவும். 'ஸ்கீட்' பந்தயத்திலோ தட்டு சுமார் 20 மீட்டரில் குறுக்கே பறப்பதால் விரிந்த சோக்கே உத்தமம். 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி வென்ற பிக்கானேர் கர்ணி சிங்குக்குத் தகுந்த சோக்கு மூன்று வாரப் பயிற்சி பெற்ற பெண்ணுக்குத் தகுமா? தூரத்தையும் சுடுகிறவரின் கையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதை நாம் பாட்டனாரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அந்தப் பிழைக்குக் குழந்தை தன் கண்ணைப் பழித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அரைச் சோக்கில் 25-க்கு 14. "கண்ணு சரியாத்தாம்பா இருக்கு!" என்றாள் குமாரி. உடைந்த தட்டின் சில்லு ஒன்றைக் கொண்டு வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். வைக்கட்டும். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் ரோமானியச் சாடிகளின் ஓடுகளைத் தோண்டி எடுத்த நாளிலிருந்து, உடைந்த ஓட்டைப் பத்திரப்படுத்துவது நமது ஊருக்குப் புதிதல்லவே!