பெருவிரல் அறியும் பிசிறு

கையில் வாங்கியதும் முதலில் தெரிந்தது கனம்தான். பெயின்ட் ஏறாத எஃப்-14 டாம்கேட் போர்விமானத்தின் உடல். இறக்கை இல்லை, சக்கரம் இல்லை. அச்சிலிருந்து விழுந்த சூடுகூட இன்னும் முழுதாக ஆறவில்லை.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், டோங்குவான் நகரத்து மாதிரி விமானத் தொழிற்சாலை ஒன்றின் வார்ப்புக் கூடத்தில் நின்றிருந்தேன். அசல் விமானம் 19 மீட்டர் நீளம். 72-இல் ஒரு பங்காகச் சுருங்கி, 26 சென்டிமீட்டர் சொச்சமாக என் கைகளில் கிடந்தது. அமெரிக்கக் கடற்படை இதற்கு 2006-லேயே ஓய்வு கொடுத்துவிட்டது. சேகரிப்பவர்கள் இன்னும் விடவில்லை.

உலோகம் துத்தநாகம். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம், கொஞ்சம் மக்னீசியம், செம்பு. ஜமாக் என்று பெயர். 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் அது உருகி நிற்கும் தொட்டிக்குள்ளேயே பம்ப் முங்கிக் கிடக்கிறது. ஒரு தள்ளு தள்ளினால் எஃகு அச்சு நிரம்பிவிடும். சில நொடிகளில் இறுகியும் விடும். அந்த வேகத்தைவிட என்னை நிறுத்திவைத்தது, புதுக்கட்டிகளைத் தனியாக அடுக்கியிருந்த மூலை. ஈயம் ஒட்டிய கழிவு ஒரு துண்டுகூட அந்தப் பக்கம் வரக் கூடாது. கலந்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. வருஷங்கள் போகப் போக உள்ளிருந்தே விரிசல் விட்டு, வீங்கி உதிரும். 1930-களில் லிவர்பூலில் வார்த்த ‘டிங்கி’ என்ற உலோகப் பொம்மைகள் பல அப்படித்தான் பொடிந்தன.

அடுத்த கூடத்தில் நீளமான மேசைகள். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் உலோகம் மெல்லிசாகப் பிதுங்கி நிற்கும். கோவை வார்ப்படப் பட்டறைகளில் நாம் பிசிறு என்பது இதைத்தான். அதைச் சீவிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஹூனானிலிருந்து வந்தவர், ஐம்பதை நெருங்கும் வயது. எல்லோரும் ‘ஜியே’, அதாவது அக்கா, என்றே அவரைக் கூப்பிட்டார்கள். அரத்தால் இரண்டு இழுப்பு. பிறகு பார்வையை வேறெங்கோ திருப்பிக்கொண்டு பெருவிரலால் தடவுவார்.

“கண் ஏமாந்துடும். விரல் ஏமாறாது” என்றார், மொழிபெயர்ப்பாளர் வழியாக. என்னையும் தடவச் சொன்னார். எனக்கு வழவழவென்று பட்ட இடத்தை மறுபடி அரத்துக்குக் கொண்டுபோனார். பெயின்ட் ஏறிய பிறகு அங்கே ஒரு கோடு எழும்பித் தெரியுமாம்.

விமானத் தகடுகள் சேரும் கோடுகள் மாதிரிகளில் ரொம்ப ஆழமாக இருக்கின்றன என்று சேகரிப்பவர்கள் குறைபடுவதுண்டு. நானும் பட்டிருக்கிறேன். அசலில் 3 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், இங்கே அது 0.04 மில்லிமீட்டர். பெயின்ட் ஒரு பூச்சிலேயே அதை மூடிவிடும். அளவைக் கொஞ்சம் மீறினால்தான் கோடு கண்ணுக்கு மிஞ்சும். அந்த மீறல் நியாயம் என்றே இப்போது நினைக்கிறேன்.

எழுத்துப் பதிக்கும் அறையில் அதிகநேரம் நின்றேன். செதுக்கிய தகட்டில் மை நிரம்ப, மெத்தென்ற சிலிக்கோன் குமிழ் அதை ஒற்றியெடுத்து விமானத்தின் வளைந்த உடலில் அமுக்கும். ஒரு தடவைக்கு ஒரு நிறம். விமானியின் பெயர் அவர் உட்காரும் இடத்துக்குக் கீழே, எறும்புக்கால் அளவு எழுத்தில்.

சரிபார்க்கும் பெண்ணுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பூதக்கண்ணாடிக்கு அடியில் மாதிரித் துண்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வடிவத்துக்கு வடிவம் ஒப்பிடுகிறார். ஒன்றைத் தனியே ஒதுக்கினார். வாங்கிப் படித்தேன். பெயர் சரியாகத்தான் இருந்தது. அவர் குச்சி நுனியால் தொட்டுக் காட்டினார்: ஓர் எழுத்தின் வயிற்றில் மை அடைத்துக்கொண்டிருந்தது. நான் பெயரைப் படித்துவிட்டதால் எழுத்தைப் பார்க்கவில்லை.

மை காய்வதற்குள் அவர் பஞ்சுமுனையைக் கரைப்பானில் தோய்த்து அந்தப் பெயரைத் துடைத்தெடுத்தார். விமானம் வரிசையின் கடைசிக்குத் திரும்பிப் போனது.