ரிவர்ஸ்

டிராக்டர் ஓட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமா. ரிவர்ஸ் மட்டும் சொல்லித்தரவில்லை. "முன்னாடி ஓட்டிட்டு வா கண்ணு, டிரெய்லரைப் பின்னாடி எடுக்கறத நான் பாத்துக்கறேன்" என்பார். பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தேன். தலைச்சோலையில் எங்கள் காப்பிக்காட்டில் டிசம்பர் பறிப்பு தொடங்கியதும் உறைத்தது. மூட்டையோடு களத்து வாசல்வரை வந்துவிடுவேன். பிறகு மாமா டீக்கடையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலெடுக்காவிட்டால் சாக்குக்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடும்.

விடியற்காலையில், ஆள் இல்லாத களத்தில், நானே பழகினேன். டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகவேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அது திரும்பத் தொடங்கியதும் இடப்பக்கம் ஒடித்து அதன் பின்னாலேயே போகவேண்டும். எங்களுடையது ஓரச்சு டிரெய்லர், நீளம் குறைவு. குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கிவிடும். மூன்றாம் நாள் அப்படித்தான் மடங்கி, பெட்டியின் முன்மூலை டிராக்டரின் பெரிய டயரில் வந்து உரசியது. மட்கார்டில் யாராவது உட்கார்ந்திருந்தால் கால் போயிருக்கும். ஒரு வாரம் வண்டியைத் தொடவில்லை. பொம்பளைக்கு வராது என்பது உண்மைதானோ என்றுகூடத் தோன்றியது.

அந்த வாரத்தில்தான் செல்போனில் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பெட்டிக்குள், பின்னச்சுக்கு மேலே, ஒரு தட்டைப் பொருத்தி வீடு போன்ற டிரெய்லர்களை இழுக்கிறார்கள். சங்ககிரிப் பக்கம் நிற்கும் டிரெய்லர் லாரிகளிலும் அதே வகைத் தட்டுதான். ஐந்தாம் சக்கரம் என்று பெயர். குதிரைவண்டியின் முன்னச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த வளையத்திலிருந்து வந்த பெயராம். பிக்கப்பின் பெட்டி குட்டையாக இருந்தால், ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூக்கு டிரைவரின் முதுகுக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடியில் இடிக்கும். அதற்காகவே பின்னுக்கு நகர்ந்துகொடுக்கும் கொக்கி செய்திருக்கிறார்கள். ஆம்பளைகளுக்கு இது வராது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இடைவெளி போதவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

சுமையைப் பற்றி எனக்குச் சொல்ல அம்மா இருந்தாள். "கனத்த மூட்டையைப் பின்னாடி போடாதடி, கொக்கி மேல தூக்கும்" என்றாள். முன்பக்கம் பாரம் இருந்தால்தான் டிராக்டரின் பின்டயர் தரையைப் பிடிக்கும். டிரைவர்கள் திட்டித் திட்டியே முப்பது வருடத்தில் அவள் கற்றது அது. சம பணிக்குச் சம ஊதியம் என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் டிரெய்லரில் பாரத்தைச் சரியாக அடுக்குகிறவள் கூலியாள், இழுக்கிறவன் டிரைவர். இரண்டும் ஒரே பணி இல்லையே!

இறக்கத்தில் நியூட்ரல் போடக்கூடாது, ஏற எந்த கியரோ இறங்கவும் அதே கியர், ரோட்டில் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். இதெல்லாம் மாமாவே சொன்னார். மறுக்க முடியாது.

பறிப்பு முடிய நாலு நாள் இருந்தது. அம்மா பின்னால் நின்று கை காட்ட, இரண்டு முறை முன்னெடுத்துச் சரிசெய்து, மூன்றாவதில் களத்துக்குள் விட்டேன். பாதி மூட்டை இறக்கிய பிறகு மாமா வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். கொக்கியில் பின்னைத் தொட்டுப் பார்த்தார். டயரை ஒரு உதை விட்டார்.

"காத்து கம்மியா இருக்குது" என்றார்.