ஊரப்பாக்கத்துக் கீரைப் பாத்தி

"கீரைக்குப் பூச்சிமருந்து அடித்தால் எத்தனையாவது நாளில் பறிக்கலாம்?" என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். சென்னைப் புறநகரில் காலி மனையில் கீரை போடுகிறவராம். ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஊரப்பாக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பினேன்.

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம். வேளாண்மை அலுவலராகப் பணியில் சேர்ந்த புதிதில் இந்தப் பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டு நிலத்தில் கத்தரி, மிளகாய், கிணற்றடியில் கீரை. செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்று சொல்வது சும்மா இல்லை. இன்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அடுக்குமாடி வீடுகள். பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் புறநகர்ப் பேருந்து முனையம் திறந்தபிறகு மனை விலை இன்னும் ஏறிவிட்டது. ஆனாலும் வீடுகளுக்கு நடுவே, விற்காத மனைகளில் பச்சைப் பாத்திகள் இருக்கின்றன.

அப்படி ஒரு பாத்தியில் ஓர் அம்மா சிறுகீரை பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். எந்தக் குடும்பம் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. அவருடைய மாமனாருக்குத்தான் 1990-களில் நான் நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மோனோகுரோட்டோபாஸ் எழுதிக்கொடுத்தேன். அப்போது அது பரிந்துரையில் இருந்த மருந்துதான். அளவு சொன்னேன். முகத்தில் துணி கட்டச் சொன்னேனா? காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள் என்று சொன்னேனா? சொன்னதாக நினைவில்லை. மூன்றாவது டேங்க் அடிக்கும்போது அவர் வரப்பில் சரிந்தார். வியர்வை, வாயில் எச்சில் ஒழுக்கு, வாந்தி, கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. வெயில் தாக்கியதாக நினைத்து நான் மோர் கொடுக்கச் சொன்னேன். நல்லவேளையாக யாரோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

"நீங்கதானா சார் அந்த மருந்து எழுதிக் குடுத்தவரு? மாமா கடைசி வரைக்கும் அத்தச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. கோவமால்லாம் இல்ல. சாகற வரைக்கும் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. அந்த நடுக்கம் மருந்தாலா, வயதாலா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அன்று வரப்பில் அவருக்கு நேர்ந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும்.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் போன்றவை பாஸ்பரஸ் வகை நஞ்சுகள். நம் நரம்பும் தசையும் பேசிக்கொள்ள உடலில் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை ஒரு நொதி அழித்துவிட வேண்டும். இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். புழு சாவதும் அப்படித்தான், மனிதன் சரிவதும் அப்படித்தான். மூச்சு வழியாக மட்டுமல்ல, நனைந்த சட்டை வழியாகத் தோலிலும் இறங்கும். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், ஆள் உயரம் வளர்ந்த பருத்திக்கு நடுவே மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் யாரும் மருந்தைக் குடிக்கவில்லை. தெளிக்கத்தான் செய்தார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கீரை அலசத் தண்ணீர் மொண்டார். மொண்டது மேல்பக்கம் வெட்டிய ஒரு மருந்து கேனில். லேபிள் பாதி கிழிந்திருந்தது, மஞ்சள் முக்கோணம் மட்டும் தெரிந்தது. "நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் சார்" என்றார். அவருடைய பேரன், நாலைந்து வயது இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து அதே கேனில் கையைவிட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

அங்கேயே உட்கார்ந்து அவருக்குப் பீகார் கதையைச் சொன்னேன். 2013 ஜூலையில் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததைப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பேரனை இழுத்து அவன் கையைக் குழாயடியில் கழுவினார். கேனை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டார். போட்ட இடம் கால்வாய்.

அதையும் எடுக்கச் சொன்னேன். காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக அடையாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. 2015 வெள்ளத்தில் இந்த ஊர்களெல்லாம் மூழ்கியபோது, நம் கால்வாய்த் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகிறது என்று எல்லோருமே பார்த்தோம். கேனில் ஒட்டியிருக்கும் மிச்சம் மீனையும் தவளையையும் கொல்லும். தவளை போனால் புழுவைத் தின்ன ஆளில்லை. அப்புறம் இன்னொரு டேங்க் மருந்து.

முக்கோணத்தின் நிறத்தையும் அவருக்குக் காட்டினேன். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம். பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று அர்த்தமில்லை. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் இந்த நிறங்கள். இந்த விதிகளுக்கு அடிப்படையான பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 1958-ல், பாலிடால் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டுக் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. 2023-ல் நாம் வழக்கமாக வாங்கும் 36 சதவீத எஸ்.எல். மருந்துக்கே தடை ஆணை வந்தது. பழைய கேன் வீட்டில் இருந்தால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே விடவேண்டிய நாள் லேபிளில் இருக்கும். அந்தக் கணக்கு லேபிளில் பெயர் போட்டிருக்கும் பயிருக்கு மட்டும்தான். கத்தரிக்குப் போட்ட நாள் கீரைக்குப் பொருந்தாது. சிறுகீரை விதைத்த மூன்று, மூன்றரை வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். பூச்சி விழுவதோ பாதி வளர்ச்சியில். மருந்து அடித்துவிட்டுக் காத்திருக்க அதில் நாளே கிடையாது. ஊடுருவிப் பாயும் மருந்து இலைக்குள்ளேயே இருக்கும், அலசினாலும் போகாது. நாம் சாப்பிடுவதே அந்த இலையைத்தான். அதனால் கீரைக்கு ரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டவே வேண்டாம்.

பதிலுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் இருமுறை வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துப் பத்து லிட்டராக்கிச் சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும். பூச்சி வருமுன்பே தொடங்கினால்தான் பலன். நாலைந்து நாள் விட்டுப் பறித்து நன்றாக அலசினால் கசப்பு இருக்காது. சின்னப் பாத்தியென்றால் கொசுவலை போட்டு மூடுங்கள். முட்டைக் குவியல் இருக்கும் இலையைக் கையால் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

மற்ற பயிருக்கு அடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் போடுங்கள். காற்று போகும் திசையிலேயே நடந்து அடியுங்கள். நடுவில் பீடி, வெற்றிலை கூடாது. காலிக் கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி, கேனை ஓட்டை போட்டுவிடுங்கள். யாராவது மயங்கினால் மோர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து லேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் உடனே மாற்று மருந்து கொடுக்க முடியும்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "எல்லாஞ் சரி சார். இலையில ஓட்டை விழுந்தா எவன் வாங்குவான்?"

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "எதிர் மாடி வீட்டுக்காரர்களிடம் மருந்து அடிக்காத கீரை என்று சொல்லி விற்றுப் பாருங்கம்மா" என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். அந்த மாடியிலிருந்து மூன்று வீடுகள் வாங்குவதாகச் சொன்னார். மூன்று வீடு போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் குழாயடியில் கேன் இல்லை, அலுமினியச் சொம்பு இருந்தது. நான் நாலு கட்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.