பாக்ஸை ஆஃப் பண்ணாதீங்க

"பாக்ஸை ஆஃப் பண்ணாதீங்கம்மா, ஆன்லயே இருக்கட்டும், கால் மணி நேரத்துல வந்துடும்." எங்கள் செய்யூர்ப் பக்கம் படம் வரவில்லை என்று கேபிள்காரருக்குப் போன் போட்டவர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம். ஆள் வராமல் சாக்குச் சொல்கிறார் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஒளிபரப்புக் கட்டுப்பாட்டுக்கான சர்வர்களையும் பேனல்களையும் பராமரிப்பது என் பிழைப்பு என்பதால், அவருக்காக நான் வக்காலத்து வாங்குகிறேன். அவர் சொல்வது உண்மை.

வீட்டுக்கு வரும் கேபிள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. பெட்டி திரும்பிப் பேசாது. 'இந்த நம்பர் பெட்டிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இந்தச் சேனல்களைத் திற' என்ற உத்தரவை எங்கோ இருக்கும், சேனல்களைப் பூட்டித் திறக்கும் கேஸ் (CAS) சர்வர் படத்தோடு கலந்து திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். தன் நம்பர் வரும் நேரத்தில் பெட்டி விழித்திருந்தால் பிடித்துக்கொள்ளும். அணைந்து கிடந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆக, படம் ஊருக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதைத் திறக்கும் உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

படம் வேறு, படத்தின் மீதான அதிகாரம் வேறு. டிவி நிலையத்துக்குள்ளும் இதே நிலைதான். அங்கே ரவுட்டர் என்று ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. எந்த வெளியூர் நேரலை எந்த ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும், எந்த சாட்டிலைட் வரத்து எந்த ரெக்கார்டரில் பதிவாக வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் நடக்கிறது. மேசையில் இருக்கும் பேனலில் 'டெஸ்டினேஷன்' அமுக்கி, 'சோர்ஸ்' அமுக்கி, 'டேக்' அடிப்பார் ஆபரேட்டர். அந்தப் பட்டனுக்கும் ரவுட்டருக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பட்டன் நெட்வொர்க் வழியே சர்வரிடம் சொல்லும். சர்வர் தன் அட்டவணையைப் பார்த்து, 'மதுரை லைவ்' என்றால் எத்தனையாவது உள்வாய் என்று கண்டுபிடித்து, ரவுட்டருக்குப் புரியும் மொழியில் உத்தரவு போடும். ரவுட்டர் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே மாற்றிவிடும். நம் நாட்டில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒன்றின் ஆயுள் 40 மில்லி நொடி. பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

சர்வர் விழுந்தால் டிவி நின்றுவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நிற்காது. கடைசியாக வாங்கிய உத்தரவை ரவுட்டர் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். செய்தி வாசிப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். ஆனால் புதிதாக ஒரு நேரலையை உள்ளே எடுக்க முடியாது. பேனலில் விளக்கு எரியும், அமுக்கினால் ஒன்றும் நடக்காது. ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கறுப்புத் திரையைவிட இதுதான் பெரிய பயம்.

அதனால்தான் சர்வரை இரண்டாக வைக்கிறோம்: ஒன்று மெயின், மற்றது ஸ்டாண்ட்பை. இரண்டும் 'இருக்கியா, இருக்கேன்' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் கெட்டுப்போனால், மற்றது செத்துவிட்டது என்று முடிவு கட்டி இரண்டுமே 'நான்தான் மெயின்' என்று கிளம்பிவிடும். பங்காளிச் சண்டை மாதிரி ஆளுக்கொரு உத்தரவு போடுவார்கள். ஸ்டாண்ட்பை வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கும் நிர்வாகங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். வேலை நேரத்தில் வேண்டுமென்றே மெயினை அணைத்துப் பார்க்காதவரை அது வெறும் அலங்காரம்.

மற்றபடி இந்த வேலையில் சாகசம் குறைவு. அட்டவணையை பேக்கப் எடுப்பது, சோர்ஸ் பெயர்களைத் திருத்துவது, ஃபில்டரில் தூசி தட்டுவது, எலி கடித்த ஒயரை மாற்றுவது. தேர்தல் முடிவு வரும் வாரத்தில் மட்டும் எதையும் தொடக் கூடாது. ஓடுவது ஓடட்டும்.

செய்யூருக்கு வருகிறேன். கேபிள் அனலாக்காக இருந்த காலத்தில் சிற்றூர்களில் கேபிள் கிளம்பும் இடமான ஹெட்எண்ட் என்றால் ஒரு சிறிய அறை. மேலே டிஷ்கள், உள்ளே சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கும் கம்பைனர். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடும். சுரண்டித் துடைத்து மறுபடி முறுக்கினால் படம் வந்துவிடும். அதிகாரம் முழுக்க ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தவர் கையில் இருந்தது. அதில் அநியாயங்களும் உண்டு. எத்தனை இணைப்பு என்ற கணக்கு யாருக்கும் தெரியாது. தமிழக அரசின் 'அரசு கேபிள்' 2007-இல் நிறுவனமாகப் பதிவாகி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குப் புதிதாகத் தொடங்கியபோது வீடுகளில் மகிழ்ச்சி. பிறகு சட்டம் மாறி, 2017-இல் சிற்றூர்களிலும் அனலாக்குக்கான கெடு முடிந்தது. செட்டாப் பெட்டி வந்தது. படம் பளிச்சென்று ஆனது, கணக்கும் சரியானது. சாவி மட்டும் ஊரைவிட்டுப் போய்விட்டது.

அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை 2022 காட்டியது. அந்த நவம்பரில் அரசு கேபிள் பெட்டிகள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் முடங்கின. எங்கும் கம்பி அறுந்திருக்கவில்லை. மென்பொருள் கோளாறு என்றது அரசு. அடுத்த மாதமே, டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. புயலில் மின்கம்பத்து ஃபைபர் அறுந்தால் உள்ளூர்ப் பையன்கள் ஏணியும் ஸ்பிளைசிங் மெஷினுமாக ஏறி ஒட்டிவிடுவார்கள். நவம்பரில் அதே பையன்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. ஏறுவதற்குக் கம்பம் எது? அறுந்தது எங்கே? புயலைவிட சர்வர் பொல்லாதது என்று நான் சொன்னால் மீனவக் குப்பத்தில் அடிக்க வருவார்கள். ஆனால் டிவியைப் பொறுத்தவரை அதுதான் நிலைமை.

பழைய மாடுலேட்டர் அறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. அது முடிந்த கதை. ஆனால் நல்ல நிலையங்களில் ரவுட்டரின் முகப்பிலேயே ஒரு சின்னப் பேனல் இருக்கும், சர்வர் இல்லாமலும் அமுக்குவதற்கு. அழகாக இருக்காது, பெயர்கள் தெரியாது, வெறும் எண்கள்தான். ஆபத்துக்கு அது போதும். மக்கள் பணத்தில் நடக்கும் சேவைக்கும் அப்படி ஒரு கைவழி இருக்க வேண்டும்.

ஆகவே டெண்டர் போடும் அதிகாரிகளுக்கும், லோக்கல் சேனலுக்கு சாஃப்ட்வேர் வாங்கும் செய்யூர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலை பேசும் முன் நிர்வாகி பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் முறிந்தால் அட்டவணையும் சாவியும் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். ஸ்டாண்ட்பை சர்வரைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள் என்று தேதியோடு கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள்.