ஆயம் கலைகிற வயது

பள்ளி விளையாட்டுக் குழுவில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. ஆறாம் வகுப்புக்குள் நுழைந்து, "யாரெல்லாம் கபடிக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் எழுவார்கள். பத்தாம் வகுப்பில் அப்படிக் கேட்க யாருக்கும் துணிவு வருவதில்லை. சேர்ப்பதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நிலைக்க வைப்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

நான் அடி அண்ணாமலையில் குடியிருக்கிறேன். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறமாக, ஆதி அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர். நகரத்துக் கோயிலின் ஆரவாரம் இங்கே சற்றுத் தணிந்து கேட்கும். பௌர்ணமி இரவுகளில் மட்டும் ஊரே பாதைக்கு வந்துவிடும். அன்றைக்கு எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடையாது. அம்மாவின் பூக்கடையிலோ அத்தையின் சுண்டல் தள்ளுவண்டியிலோ கைக்கு ஓர் ஆள் வேண்டும். கார்த்திகை தீபத் திருவிழா வந்தால் பத்து நாளும் அதே கதைதான், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அரையாண்டுத் தேர்வும் வந்து சேரும். இதையெல்லாம் குறை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த ஒரு இரவின் வருமானம் சில வீடுகளுக்கு ஒரு வாரத்து அரிசி. பயிற்சி அட்டவணை போடுகிறவர் பௌர்ணமியையும் குறித்துக்கொண்டுதான் போட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் உடற்கல்வி ஆசிரியை அப்படித்தான் போடுகிறார்.

கல்லூரியில் நான் ஆண்டுதோறும் அகப்பாடல்கள் நடத்துகிறேன். அதில் ‘இற்செறிப்பு’ என்று ஒரு சூழல் வரும். பருவமெய்திய தலைவியைத் தினைப்புனத்துக்கு அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவது. தலைவனைப் பார்க்க முடியாமல் போகிறதே என்றுதான் உரைகளும் தேர்வு வினாக்களும் கவலைப்படும். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வேறொன்று உறுத்தும். அந்தப் பெண்ணுக்கு ஓர் ‘ஆயம்’ இருந்தது. கடற்கரையில் மணற்பாவை செய்து ஓரையாடிய கூட்டம், ஊசலாடிய கூட்டம், அருவியிலே சேர்ந்து குளித்த கூட்டம். வீட்டுக்குள் வைத்த அன்று அவள் அந்த ஆயத்தையும் சேர்த்துத்தானே இழந்தாள்? தலைவன் எப்படியாவது வந்து சேர்வான், களவு கற்பாகும், பாடலும் முடியும். கலைந்த ஆயம் மறுபடி கூடியதா என்று எவரும் கேட்பதில்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளில் இது முற்றாக மாறிவிடவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்பில், நான் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தேன். குறுவட்டப் போட்டிக்குப் போக வெள்ளை ரப்பர் காலணி கூட வாங்கியாயிற்று. அந்த மாதம் வீட்டில் மஞ்சள் நீராட்டு நடந்தது. திரும்பிப் பள்ளிக்குப் போனபோது என் இடத்தில் வேறொரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். என்னை யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. தடுத்திருந்தால் அழுது சண்டையிட்டிருப்பேன். கூப்பிடாததற்கு எதிராக எப்படிச் சண்டையிடுவது? காலணியைத் தங்கை போட்டுத் தேய்த்தாள்.

ஆகவேதான் இங்குள்ள ஆசிரியையின் வழக்கம் என்னைக் கவர்ந்தது. மூன்று நாள் தொடர்ந்து ஒரு பெண் பயிற்சிக்கு வரவில்லையென்றால், நான்காம் நாள் அவர் வண்டி அந்த வீட்டு வாசலில் நிற்கும். ஒருமுறை பூ விற்கும் அம்மாள் ஒருவரின் வீட்டுக்குப் போனபோது நானும் உடனிருந்தேன்.

"பொட்டப்புள்ள டீச்சர். நாளைக்குக் கையி காலு ஒடைஞ்சா எவன் கட்டிக்குவான்?"

"ஒடையாம பாத்துக்குறது என் வேலைம்மா. இருட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல கொண்டாந்து விடுறதும் என் வேலை. நீங்க காலைல ஒரு மணி நேரம் குடுங்க போதும்."

அவ்வளவுதான் பேச்சு. நாட்டின் பெருமை, பதக்கம், வேலைவாய்ப்பு எதுவும் வரவில்லை. அந்தத் தாயின் அச்சம் இருட்டைப் பற்றியது. விடையும் இருட்டைப் பற்றியதாகவே இருந்தது. மறுவாரத்திலிருந்து பயிற்சி மாலையிலிருந்து காலைக்கு மாறியது. அந்தப் பெண் வந்தாள். வெற்றிக் கதை எதுவும் சொல்வதற்கில்லை. அவள் இன்றைக்கும் மாற்று ஆட்டக்காரிதான். ஆனால் வருகிறாள்.

அரசின் ஊக்கங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் திறமையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து உணவும் பயிற்சியும் தருகின்றன. ஆனால் இவை உச்சியில் நிற்கும் ஒருவருக்கோ இருவருக்கோ உரியவை. குழுவிலே சிறந்தவள் விடுதிக்குப் போன பிறகு மீதமிருக்கும் பதினொரு பேருக்கு என்ன சொல்வது? அவர்களுக்குச் சான்றிதழும் வராது, வேலையும் வராது. அவர்கள் நின்றால்தான் குழு நிற்கும். பள்ளி விளையாட்டு உண்மையில் அந்தப் பதினொரு பேருடைய விஷயம்.

தேர்வு என்னும் பெருஞ்சுவரையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொதுத்தேர்வு ஆண்டுகளாயின. பள்ளிப் போட்டிகளில் பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவு என்று ஒன்று உண்டு. உடலும் ஆட்டமும் ஒருசேர முதிர்கிற அந்தப் பருவம் அப்படியே தேர்வுக்குள் விழுந்துவிட்டது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. மூச்சு விட ஓர் ஆண்டு திரும்பக் கிடைத்திருக்கிறது. அந்த ஓர் ஆண்டில் பழைய ஆட்டக்காரிகளைத் தேடிப் போய் அழைக்கிற பள்ளிகள் எத்தனை இருக்கும்? கூப்பிடாவிட்டால் அதையும் தனிப்பயிற்சி வகுப்புகள் எடுத்துக்கொள்ளும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா இருந்தார். நகரத்தின் நடுவில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதி அது. ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்களின் குடியிருப்புக்குப் புகாரை விட்டுப் பெயர்ந்தவளின் பெயர். பெயர் வைத்தவர்கள் இதை யோசித்தார்களோ என்னவோ. அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னாலே வேலை தர யோசித்த காலம் உண்டு. செய்தித்தாள்கள் கார்த்திகாவின் படத்தைப் போட்டன, அது நியாயம். நான் அந்தப் படத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கபடியைத் தனியாக ஒருத்தி பழக முடியாது. அவள் பாடிப் போகும்போது எதிரே கைகோத்து நிற்க ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரும் நாள்தோறும் வந்திருந்தால்தான் ஒரு கார்த்திகா உண்டாகிறாள்.

அதே மாதம் மாரி செல்வராஜின் ‘பைசன்’ திரைப்படமும் வந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி நுழைந்தது 1990இல், பெண்கள் கபடி நுழைந்தது 2010இல். இருபது ஆண்டு இடைவெளி. எங்கள் ஊர் வாசற்படிகளில் நடக்கும் பேச்சில் இந்த இருபது ஆண்டு இன்னும் கேட்கிறது.

கபடியில் எனக்கு மிகப் பிடித்த விதி ஒன்றுண்டு. வெளியேறியவள் அதோடு தீர்ந்தாள் என்பதில்லை. தன் அணியினர் எதிரணியில் ஒருத்தியை வீழ்த்தினால், வெளியே உட்கார்ந்திருப்பவள் எழுந்து உள்ளே வரலாம். அதுவும் முதலில் வெளியேறியவள் முதலில். திறமை பார்த்து அழைப்பதில்லை, வரிசை பார்த்து அழைக்கிறார்கள். ஒரு பள்ளி தன் குழுவை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விதியை நான் எங்கும் படித்ததில்லை. பூப்பெய்தியோ தேர்வுக்காகவோ தீபக் கடைக்காகவோ வெளியே போன பெண்ணுக்கு, உள்ளே அவளுக்கென்று ஓர் இடம் காத்திருக்கிறது என்பதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்தக் குழுவில் வலது மூலையில் நிற்பவள். வருகிற ஜூனில் பத்து. மாமியாருக்கு ஒப்புதல் இல்லை. கணவர் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருக்கிறார். காலையில் அந்த ஒரு மணி நேரம் அவளுடையது, அதில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். "நான் மட்டும் போயி என்னம்மா பண்றது? மத்தவங்க வீட்டுல யாரு பேசுவா?" என்று கேட்டாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறேன். பன்னிரண்டு பேரில் எட்டு வீடுகளில் சம்மதம் கிடைத்திருக்கிறது. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இன்னும் மூன்று வீடு பாக்கி.