இது கனவுன்னு கனவுலயே தெரிஞ்சா...

கனவு கண்டுகிட்டு இருக்கும்போதே 'அட, இது கனவுதானே'ன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா மக்களே? பாதிப் பேர் ஆமாம் என்பீர்கள். சின்ன வயசில் கெட்ட கனவுக்கு நடுவில் 'முழிச்சிக்கலாம்' என்று முடிவு பண்ணி கண்ணைத் திறந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இதுக்கு லூசிட் ட்ரீம் என்று பேர். 1913-ல் ஃப்ரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர், தன்னோட கனவுகளை வருசக்கணக்கில் எழுதி வைத்துப் பார்த்துவிட்டு இந்தப் பேரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நான் தமிழில் 'தெளிகனவு' என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ் ஐயாக்கள் மன்னிக்க.

பேர்தான் புதுசு, சரக்கு பழசு. திபெத்திய பிக்குகள் பல நூறு வருசமா கனவு யோகம் என்று இதைப் பயிற்சியாகவே செய்கிறார்கள். நம்ம வள்ளுவரும் 'கனவுநிலை உரைத்தல்' என்று 122-வது அதிகாரத்தைக் கனவுக்கே ஒதுக்கியிருக்கிறார். அங்கே தலைவிக்குக் கனவு கலையக் கூடாது என்று ஏக்கம். எனக்கு நேர் எதிர். ஒரே ஒரு கனவு, அது கலைஞ்சு தொலையணும்.

கனவு இதுதான். உத்தமபாளையத்தில் முல்லையாத்துப் படித்துறை. நான் கடைசிப் படியில் நிற்கிறேன். மேலே லோயர் கேம்ப் பக்கமிருந்து தண்ணி வர்ற சத்தம் கேட்குது. ஓடணும்னு தெரியும், கால் நகராது. தண்ணி இடுப்புக்கு, கழுத்துக்கு, அப்புறம் தலைக்கு மேல. கத்திக்கிட்டே எந்திரிப்பேன். மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை, பதினஞ்சு வருசத்துக்கு மேல.

காரணம் இல்லாமல் இல்லை. எங்க பள்ளத்தாக்குல முல்லைப் பெரியாறு தண்ணியை முதல் போக நெல்லுக்குத் திறந்துவிடுவார்கள். அணை நிலவரம் சரியா இருந்தா ஜூன் 1-ம் தேதியே. மொத்தம் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கு. 1895-ல் பென்னிகுயிக் கட்டின அணை. அவர் படத்தை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற வீடுகள் இங்கே உண்டு, எங்க வீடும் அதில் ஒன்னு. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்படித் தண்ணி வந்த ஒரு நாள், குளிச்சுக்கிட்டிருந்த என்னை ஆறு இழுத்துடுச்சு. சித்தப்பா முடியைப் பிடிச்சு வெளியே இழுத்துப் போட்டார். அவ்வளவுதான், ஊர்ல நடக்காத விசயம் இல்லை. ஆனா தூக்கத்துல அது முடியவே இல்லை.

இப்போ வீட்டில் பொண்ணு பார்க்கிறார்கள். "கல்யாணம் ஆகி முதல் வாரமே நீ நடுராத்திரி இப்படி அலறுனா அந்தப் புள்ள அப்பன் வீட்டுக்கு ஓடிரும்டா" என்று அம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு சிரிப்பு வரல. பெங்களூரில் ரூம்மேட் ரெண்டு பேர் இதனாலேயே வேற ரூம் பார்த்துப் போயிருக்கிறார்கள்.

சரி, மேட்டருக்கு வருவோம். நாம கனவு அதிகம் காண்பது ரெம் தூக்கத்தில். கண்ணுமுழி மூடின இமைக்குள்ளேயே வேகமா ஓடும் கட்டம் அது, 1953-ல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். சுமார் 90 நிமிசத்துக்கு ஒரு தடவை வரும், விடியற்காலை நெருங்க நெருங்க நீளும். அந்த நேரத்தில் மூளை உடம்புத் தசைகளை ஏறக்குறைய ஆஃப் பண்ணிவிடும். இல்லாட்டி கனவில் ஓடும்போது நிஜமாவே கட்டிலைவிட்டு ஓடுவோம். மூச்சுக்கும் கண்ணுக்கும் மட்டும் விதிவிலக்கு. கனவில் என் கால் நகராததுக்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபணம் எல்லாம் கேட்காதீர்கள் :-)

அந்தக் கண் விதிவிலக்கை வைத்துத்தான் விசயத்தையே நிரூபித்தார்கள். கீத் ஹெர்ன் என்பவர் 1975 ஏப்ரலில், இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்து, 'கனவுன்னு தெரிஞ்சதும் கண்ணை இடமும் வலமுமா ஆட்டு' என்று முன்கூட்டியே பேசி வைத்தார். ஆள் ரெம் தூக்கத்தில் இருக்கும்போதே கருவியில் அந்தக் கோடு விழுந்தது. தூங்குகிறவன் உள்ளேயிருந்து சிக்னல் கொடுக்கிறான்! பின்னாடி ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியா இதையே செய்து 1981-ல் வெளியிட்டார். 2021-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து நாலு நாட்டு ஆய்வகங்களில், கனவில் இருக்கிற ஆளிடம் '8-ல் 6 போனா எத்தனை' மாதிரி கணக்கு கேட்டால், சில பேர் கண்ணை ரெண்டு தடவை ஆட்டிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஓடிக்கிட்டிருக்கிற ப்ராசஸுக்குள்ள டீபக்கரை மாட்டுற மாதிரி. இதைப் படிச்ச ராத்திரிதான் நாமளும் கத்துக்கிடுவோம்னு உட்கார்ந்தேன்.

முதல் வேலை, கனவு நோட்டு. எழுந்ததும் போனைத் தொடாமல், அசையாமல் படுத்து, என்ன கனவு என்று யோசித்து எழுதணும். முதல் வாரம் 'ஏதோ பஸ்', 'யாரோ சித்தி' இவ்வளவுதான் தேறியது. மூணாவது வாரம் பக்கம் பக்கமா வந்தது. நம்ம கனவுக்குன்னு சில அடையாளம் இருக்கு என்று அப்பத்தான் புரிந்தது. எனக்கு மூடிப்போன மீட்டர் கேஜ் போடி ரயில் அடிக்கடி வரும், பரீட்சை ஹால் வரும், இந்த ஆறு வரும்.

ரெண்டாவது, பகல்ல சோதிக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை 'இது கனவா'ன்னு நிஜமாவே சந்தேகப்படணும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விட்டுப் பார்க்கணும், கனவா இருந்தா மூச்சு போகும். விரலை எண்ணணும். எழுத்தை ஒரு தடவை படிச்சு, திரும்பிப் பார்த்து மறுபடி படிக்கணும், கனவில் எழுத்து மாறிப்போகும். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என்னைப் பார்த்து ஒரு பெரியவர் "என்னப்பா, நாத்தமா அடிக்குது?" என்றார்.

வினோதமா ஏதாவது நடந்தா உடனே சோதிக்கணும் என்பதும் விதி. இதிலே எங்க ஊர்க்காரனுக்கு ஒரு சிக்கல். 2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ள வீதியில நடந்து வந்தது. ஆட்டோவை உருட்டியது, ஊருக்கு 144 போட்டார்கள். யானை தள்ளிவிட்டதில் அடிபட்ட ஒருவர் இறந்தும் போனார். அன்னைக்குக் கம்பத்தில் இருந்த எவனும் கனவுன்னுதான் நினைச்சிருப்பான். ஆனா விரல் அஞ்சுதான் இருந்திருக்கும்.

மூணாவதுதான் முக்கியம். லபெர்ஜ் கொடுத்த முறை. அஞ்சு மணி நேரம் தூங்கி அலாரம் வைத்து எழுந்து, கடைசியா கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, 'அடுத்த கனவில் இது கனவுன்னு ஞாபகம் வைப்பேன்' என்று அர்த்தத்தோடு சொல்லிக்கிட்டே, அதே கனவில் நமக்குத் தெரிகிற மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டே மறுபடி தூங்கணும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மூணையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு முதல் வாரத்தில் 17 சதவீதம்தான் பலித்தது. அதாவது ஆறு ராத்திரிக்கு ஒன்னு. ஒரே நாள்ல கத்துக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இடையில் ஒரு ராத்திரி முழிப்பு வந்து, கண் திறந்து, உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி கிடந்தேன். அப்பத்தா கேட்டா "அமுக்குவான் பேய், தலைமாட்டுல வெளக்கமாத்தை வை" என்பாள். ரெம் தூக்கத்தின் அந்தத் தசை ஆஃப் இன்னும் விலகலை, மூளை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தும் பயமாத்தான் இருந்துச்சு, வெளக்கமாத்தையும் வைத்தேன். இன்னொன்னு: ராத்திரி அலாரம் வைத்து எழுவதால் மறுநாள் மண்டை காயும். நான் வெள்ளி, சனி மட்டும்தான் செய்தேன். எது நிஜம் என்பதிலேயே ஏற்கனவே குழப்பம் வருகிற மனநோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஆறாவது வாரம் ஒரு கனவில் போடி ரயிலைப் பார்த்ததும் பொறி தட்டியது. சந்தோசத்துல அஞ்சு செகண்டுல முழிச்சுட்டேன். ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தானாம். அந்த நேரத்தில் கனவுக்குள்ளேயே உள்ளங்கையைத் தேய்க்கணும் என்று லபெர்ஜ் சொல்கிறார்.

ஒன்பதாவது வாரம் ஆறு வந்தது. படித்துறை, சத்தம், நகராத கால், எல்லாம் அப்படியே. கையைப் பார்த்தேன். ஏழு விரல். கையைத் தேய்த்தேன், படம் நின்றது. பறக்கலாம், தண்ணியை நிறுத்தலாம் என்று என்னென்னவோ திட்டம் வைத்திருந்தேன், ஒன்னும் ஞாபகம் வரலை. படியில் உட்கார்ந்தேன். தண்ணி வந்தது, செம்மண் கலந்த புதுத்தண்ணி, தலைக்கு மேலயும் போனது. உள்ளே மூச்சு விட்டேன். விட முடிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சித்தப்பாவிடம் சொன்னேன். தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்துக்கிட்டே கேட்டார்.

"தலைக்கு மேல தண்ணியா? அன்னைக்கு எனக்கு இடுப்பளவுதான்டா இருந்துச்சு."

"அப்ப சும்மா பயந்துட்டேனா சித்தப்பா?"

"சும்மாவா? இழுப்பு அப்படி. கை நழுவியிருந்தா உன்னைய வீரபாண்டியிலதான் எடுத்திருக்கணும். எனக்கும் கொஞ்ச நாள் தூக்கம் இல்ல."

இத்தனை வருசத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

அதுக்கப்புறம் மூணு மாசத்தில் ஆத்துக் கனவு ரெண்டு தடவை வந்தது. ஒரு தடவை கனவுன்னு தெரிந்தது. இன்னொரு தடவை தெரியல, கத்தினேன், அம்மா லைட்டைப் போட்டாங்க. நோட்டில் ரெண்டையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். வர்ற வெள்ளிக்கு அலாரம் மூணே முக்காலுக்கு.